பரகுவாட் ஓர் ஊக்கியா? பின் வாங்கிலிருந்து வந்த கேள்வி

சோக்குத்தூள் · ஹட்டன் பக்கம் · வெள்ளி இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல். இரசாயனவியல் படிப்பிக்கிறேன். எங்கள் விஞ்ஞான மன்றம் தவணைக்கு ஒரு சுவர்ப்பத்திரிகை ஒட்டும். இந்த முறை பிள்ளைகள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குக் கடுமையான சுவாசச் செயலிழப்பு பற்றிய ஆராய்ச்சியை எழுத வேண்டும். அதில் ஒரு பையனின் அம்மா 2021 ஓகஸ்டில் கொவிட்டில் போனவர், ஏன் அந்தத் தலைப்பு என்று நான் கேட்கவில்லை. மற்றக் கட்சிக்குப் பச்சைவீட்டு வாயுக்களை வேறு பொருளாக மாற்றும் ஊக்கிகள். இருப்பதோ ஒரே ஒரு பிரிஸ்டல் அட்டை.

ஆளுக்குப் பாதி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஊக்கி என்றால் என்ன என்று பலகையில் எழுதினேன். தாக்கத்தின் வேகத்தைக் கூட்டும், கடைசியில் தான் செலவாகாமல் மிஞ்சும். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்: "அப்படின்னா பரகுவாட்டும் ஊக்கிதானே சேர்? நுரையீரலுக்குள்ள அது தீராம சுத்திச் சுத்தி வேலை செய்யுமாம், வாசிச்சேன்." பரகுவாட் ஒரு களைக்கொல்லி, அவளுடைய தாத்தா தோட்டத்தில் மருந்தடித்தவர்.

"திங்கட்கிழமை பார்ப்போம்மா" என்று சொல்லிவிட்டு மணியடிக்கும்வரை பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

பேராதனைப்பழசு · வெள்ளி இரவு 9.48

சேர், அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி போடுங்க.

பரகுவாட்டுக்கு ஆய்வுகூடத்துல வேற பேர், மெதைல் வயலொஜன். 1882லேயே செஞ்சு வச்சிட்டாங்க. அப்ப களைக்கொல்லிங்கிற நினைப்பே யாருக்கும் இல்ல. 1930கள்ல மிக்கேலிஸ் (நொதிய வேகச் சமன்பாட்டுல வர்ற அதே மிக்கேலிஸ்தான்) இத ஒட்சியேற்றம், தாழ்த்தல் பார்க்கிற காட்டியாப் பயன்படுத்தினார். ஒரு இலத்திரன் ஏறினா கடும் நீலம், இறங்கினா நிறம் போயிடும். களையக் கொல்லும்னு 1955லதான் கண்டாங்க. 1962ல சந்தைக்கு வந்துச்சு.

கலத்துக்குள்ள நடக்கிறதும் அதே ஏத்தி இறக்குற வேலைதான். கலத்துக்குள்ள இலத்திரன் வச்சிருக்கிற என்.ஏ.டி.பி.எச்.ங்கிற பொருள் கிட்ட இருந்து ஒரு நொதியம் மூலமா இலத்திரன வாங்கும். பக்கத்துல ஒட்சிசன் இருந்தா உடனே அதுகிட்டத் தள்ளிடும். ஒட்சிசன் சுப்பரொட்சைட்டா மாறி மென்சவ்வைக் கடிக்கும். பரகுவாட் வந்த மாதிரியே நிக்கும், திரும்ப வாங்கும், திரும்பத் தள்ளும். கொஞ்சம் போனாலே இவ்வளவு நாசம் ஏன்னா அது செலவாகிறதே இல்ல.

இன்னொண்ணு. நான் இப்ப இருக்கிற ஆய்வுகூட அலுமாரியிலயும் அதே சாமான் இருக்கு. காபனீரொட்சைட்டைப் போமேற்றா (போமிக் அமிலத்தோட உப்பு) தாழ்த்துற நொதியத்துக்கு இலத்திரன் சுமந்து போடத்தான். 1980கள்ல இருந்து செயற்கை ஒளித்தொகுப்பு ஆராய்ச்சியில இதுக்குச் சுமைகூலி வேலை. பிள்ளைங்க சண்டை போட்ட அட்டையில ரெண்டு பாதிக்கும் சொந்தமான ஒரே மூலக்கூறு இது. நான் பத்து வருஷமா அந்தப் போத்தலத் திறந்து மூடுறேன், இப்படி யோசிச்சதில்ல.

இலக்கணப்பிழை · வெள்ளி இரவு 10.05

இல்லை. அதை இலத்திரன் காவி என்று சொல்ல வேண்டும். ஊக்கி என்பது ஏவற்சக்தி குறைந்த மாற்றுப் பாதையைத் தருவது. சொற்களை இப்படி இழுத்தால் பரீட்சையில் பிள்ளைதான் புள்ளியை இழப்பாள்.

பேராதனைப்பழசு · வெள்ளி இரவு 10.11

என்.ஏ.டி.பி.எச்.உம் ஒட்சிசனும் சும்மா பக்கத்துல பக்கத்துல இருந்தா கண்ணுக்குத் தெரியிற வேகத்துல ஒண்ணும் நடக்காது. இது நடுவுல வந்தா நடக்குது. இதுதான் அண்ணே மாற்றுப் பாதை.

இலக்கணப்பிழை · வெள்ளி இரவு 10.14

நடுவில் நொதியமும் இருக்கிறதே. அப்போது எது ஊக்கி?

சோக்குத்தூள் · வெள்ளி இரவு 10.30

இரண்டு பேருக்கும் கும்பிடு. விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: "நொதியத்துடன் சேர்ந்து ஊக்கியாகத் தொழிற்படுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் மீள உருவாகிறது" என்று எழுதினால் நான் வெட்ட மாட்டேன். மற்றவர்கள் வெட்டினால் என் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

மூடுபனி · சனி காலை 6.20

நைட் டியூட்டி முடிஞ்சு பஸ்ல வாசிச்சேன் சேர். நான் ஐ.சி.யூ. நர்ஸ், மலைநாட்டுலதான். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க.

நான் படிக்கிற காலத்துல பரகுவாட் உள்ள போன ஆளுங்க வார்டுக்கு வருவாங்க. மூணாம் நாள், நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். சொந்தக்காரங்க கையப் புடிச்சுக்கிட்டு "ஒட்சிசன் போடுங்க மிஸ்"னு அழுவாங்க. நாங்க போடாம நிப்போம். ரொம்ப இறங்கினா மட்டும்தான் போடணும்னு உத்தரவு. ஒட்சிசன் கூடினா அந்தச் சுத்து இன்னும் வேகமா ஓடும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். பக்கத்து வார்டுல மூச்சு வாங்குற எல்லாருக்கும் மாஸ்க், இவருக்கு மட்டும் இல்ல. இத எப்படி விளக்குறது? ஊக்கின்னு ஒரு வார்த்தைய யாராவது அன்னைக்குச் சொல்லியிருந்தா எனக்காவது தெளிஞ்சிருக்கும்.

நுரையீரலுக்கு ஏன் இவ்வளவு அடின்னா, சிற்றறைச் சுவர்ல இருக்கிற கலங்கள் பொலியமீன்னு ஒரு பொருள உள்ள இழுக்கிறதுக்கு ஒரு வாசல் வச்சிருக்கு. பரகுவாட் உருவத்துல அதுக்குச் சாயல். ஆளத் தெரியாம கதவத் திறந்து விட்ட மாதிரி, இரத்தத்துல இருக்கிறத விடப் பல மடங்கு உள்ள சேர்ந்துடும்.

மட்டுறுத்துநர் · சனி காலை 7.00

இந்த இழையில் அளவு, விதம் எதையும் யாரும் எழுத வேண்டாம். வாசிக்கும்போது மனம் கனத்தால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம். மற்றபடி தொடருங்கள்.

டிக்கோயாப்பையன் · சனி காலை 8.15

இப்ப அந்த மருந்தே இல்லையே, எதுக்கு இந்த ஆராய்ச்சி?

மூடுபனி · சனி மதியம் 2.40

2008ல தொடங்கி 2011க்குள்ள படிப்படியா நிறுத்தினாங்க தம்பி. அப்புறம் பூச்சிமருந்தால வர்ற சாவு நாடு முழுக்கக் குறைஞ்சதுன்னு ஆய்வுகள் வந்திருக்கு. வைத்தியத்தால குறையல, நல்லா கவனிங்க. எதிர்ப்புச் சக்திய அடக்குற மருந்த அதிக அளவுல கொடுத்தா பரகுவாட் ஆளுங்க பிழைப்பாங்களான்னு இலங்கையிலயே பெரிய சோதனை பண்ணி 2018ல முடிவு போட்டாங்க. அதால கூடுதலா யாரும் பிழைக்கல. கடையில இருந்து போத்தல எடுத்ததுதான் வேலை செஞ்சது.

மத்த கடுமையான சுவாசச் செயலிழப்பு, நாங்க ஏ.ஆர்.டி.எஸ்.னு சொல்றது, வேற கதை. அந்தப் பையனுக்காக எழுதுறேன். 1967ல அமெரிக்காவுல பன்னிரண்டே பன்னிரண்டு நோயாளிங்கள வச்சு முதன்முதலா இதுக்கு உருவம் கொடுத்தாங்க. நிமோனியா, அடிபட்டது, கிருமி இரத்தத்துல ஏறினதுன்னு காரணம் எதுவா இருந்தாலும் சிற்றறைகள்ல தண்ணி கட்டிடும். நனைஞ்ச பஞ்சு மாதிரி. காத்துப் போற இடம் பெரிய ஆளுக்கும் சின்னப் பிள்ளை நுரையீரல் அளவுதான் மிஞ்சும். அது தெரியாம மெஷின்ல பெரிய பெரிய மூச்சாக் கொடுத்து, மிஞ்சினதையும் கிழிச்சுக்கிட்டு இருந்தாங்க.

2000ல வந்த ஆய்வுதான் எங்க வேலைய மாத்துச்சு. 861 பேர். கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் மூச்சு வாங்கினவங்கள்ல 39.8 வீதம் செத்தாங்க, 6 மில்லிலீற்றர் வாங்கினவங்கள்ல 31 வீதம். புது மருந்து இல்ல, புது மெஷின் இல்ல, குமிழைக் குறைச்சுத் திருப்பினாங்க. கிலோன்னா தராசுல நிக்கிற கிலோ இல்ல, உயரத்துல இருந்து போடுற கிலோ. நுரையீரல் உயரத்தோட வளரும், தொப்பையோட வளராது. கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா 150 சென்ரிமீற்றர்னு வைங்க. கணக்கு 43 கிலோ வரும். அவங்களுக்கு ஒரு மூச்சு 260 மில்லிலீற்றர், ஒரு பிளேன் டீ கப்புக்கு மேல கொஞ்சம். பழைய முறையில 520 தள்ளியிருப்போம். அதனாலதான் என் சட்டைப் பையில எப்பவும் அளவு நாடா கிடக்கும்.

அப்புறம் குப்புறப் படுக்க வைக்கிறது. 2013ல பிரெஞ்சு ஆளுங்க கடுமையான நோயாளிங்கள ஒரு தடவைக்குக் குறைஞ்சது 16 மணித்தியாலம் குப்புறப் போட்டாங்க. 28 நாள்ல இறப்பு 32.8 வீதத்துல இருந்து 16 வீதம். ஒரு ஆளத் திருப்ப நாலஞ்சு பேர் வேணும், குழாய் ஒண்ணு கழண்டுச்சுன்னா முடிஞ்சது. 2021ல ஒரு நைட்டுல எத்தனை பேரத் திருப்பினோம்னு எண்ணல. என் முதுகு எண்ணி வச்சிருக்கு.

வடக்குக்காற்று · சனி இரவு 8.05

மிஸ் சொன்னது எல்லாம் சரி. நான் யாழ்ப்பாணம், இப்ப நுவரெலியா மாவட்டத்தில டொக்டரா வேலை. இஞ்ச வந்தபிறகு கண்ட ஒரு விசயம் சொல்லுறன்.

ஏ.ஆர்.டி.எஸ். எவ்வளவு கடுமை எண்டு பாக்க 2012இல வந்த பெர்லின் வரைவிலக்கணம் இருக்கு. நாடிக் குருதியில உள்ள ஒட்சிசன் அமுக்கத்தை, ஆள் இழுக்கிற காற்றில ஒட்சிசன்ர பங்கால வகுக்கிறது. 300க்குக் கீழ மெலிசு, 200க்குக் கீழ நடுத்தரம், 100க்குக் கீழ கடுமை. அட்டவணைக்கு அடியில சின்ன எழுத்தில ஒண்டு கிடக்கு: உயரம் 1000 மீற்றருக்கு மேல எண்டால், வளியமுக்கத்தை 760ஆல வகுத்து, வந்த விகிதத்தை அதால பெருக்கு. யாழ்ப்பாணத்திலையும் கொழும்பிலையும் அதை ஒருத்தரும் வாசிக்கத் தேவையில்லை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை எல்லாம் 1000க்கு மேல. நுவரெலியா நகரம் 1868 மீற்றர், வளியமுக்கம் 610 மில்லிமீற்றர் இரசம் மட்டில.

சோக்குத்தூள் · ஞாயிறு அதிகாலை 1.20

டொக்டர், உங்களால் தூக்கம் போச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதானா சொல்லுங்கள்.

நோயாளி பாதிக்குப் பாதி ஒட்சிசன் இழுக்கிறார். நாடியில் 60. விகிதம் 120, நடுத்தரம். 610ஐ 760ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.8. பெருக்கினால் 96. ஒரே நிமிடத்தில் "கடுமை" ஆகிவிட்டார்! ஆனால் மலையில் அந்த 60 குறைந்திருப்பதற்கு ஒரு பகுதிக் காரணம் நோய் அல்ல, மெலிந்த காற்று. உயரத்தின் பங்கைக் கழித்தால் ஆள் கொஞ்சம் நல்லவராகத் தெரிய வேண்டும். இந்தத் திருத்தம் அவரை இன்னும் மோசமாக்குகிறதே. பெருக்க வேண்டுமா, வகுக்க வேண்டுமா?

வடக்குக்காற்று · ஞாயிறு காலை 7.35

சேர், நீங்கள் பிடிச்சது சரியான இடம். பழைய அமெரிக்க ஆய்வு வலையமைப்பின்ர நெறிமுறையில எண்ணைத் தொடுறேல்லை, வாசலைத்தான் இறக்குறது. 300ஐ 0.8ஆல பெருக்கினால் 240, அதுக்குக் கீழ வந்தால்தான் சேர்ப்பினம். உங்கட தருக்கம் அதுதான். பெர்லின் அடிக்குறிப்பு எண்ணையே பெருக்கச் சொல்லுது. ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுக்குது. 120 எண்டு வந்த உங்கட ஆள் ஒரு முறையில கடுமை, மற்ற முறையில நடுத்தரத்தின்ர நடு.

கட்டிலடியில இதால பெருசா ஒண்டும் மாறாது, ஆளைப் பாத்துத்தான் செய்யிறது. ஆய்வுக்கு ஆள் சேர்க்கேக்க மாறும். குப்புறப் போடுற ஆய்வு, எக்மோ (உடம்புக்கு வெளியில குருதிக்கு ஒட்சிசன் ஏத்துற மெஷின்) ஆய்வு எல்லாம் இந்த எண்ணை வச்சுத்தான் வாசலில ஆளை விட்டது. கடல் மட்டத்து எண்.

மூடுபனி · ஞாயிறு காலை 9.00

நாடியில ஊசி போட்டு அளக்கிற மெஷின் எல்லா இடத்துலயும் இல்லையே டொக்டர். ருவாண்டாவுல கிகாலிக் காரங்க 2016ல, விரல்ல மாட்டுற கிளிப்பும் ஸ்கேனும் போதும்னு திருத்தி எழுதினாங்களே, அத விட்டுட்டீங்க. விரல் அளவ ஒட்சிசன் பங்கால வகுத்து 315க்குக் கீழன்னா கணக்குல எடுக்கலாம். கிகாலியும் 1500 மீற்றருக்கு மேல இருக்கிற ஊருதான். இப்ப உலக வரைவிலக்கணத்துலயும் அத ஏத்துக்கிட்டாங்க. இல்லாத ஊர்க்காரன்தான் இருக்கிறத வச்சு எப்படி அளக்கிறதுன்னு யோசிப்பான்.

டிக்கோயாப்பையன் · ஞாயிறு காலை 11.12

பச்சைவீட்டுப் பாதி என்னாச்சு? அட்டையில பாதி வெள்ளையா இருக்கே.

பேராதனைப்பழசு · ஞாயிறு மாலை 4.30

அது என் பங்கு, கடன்காரன் மாதிரி ஓடி ஒளிஞ்சிட்டேன், மன்னிக்கணும்.

பேப்பர்ல "காபனீரொட்சைட்டிலிருந்து எரிபொருள்"னு தலைப்புப் பார்த்தா பிள்ளைங்கள முதல்ல ஒண்ணு கேக்கச் சொல்லுங்க: சக்தி எங்கிருந்து? காபனீரொட்சைட்டு அடுப்புச் சாம்பல் மாதிரி, எரிஞ்சு முடிஞ்சது. சாம்பல விறகாக்கணும்னா எரிஞ்சப்ப போன சூட்டத் திரும்பக் கட்டணும். ஊக்கி சுலபமான பாதையத்தான் போடும், போய்ச் சேர வேண்டிய உயரத்தக் குறைக்காது. ரம்பொடைக்கு ரோட்டு எத்தனை தடவ போட்டாலும் மலை அதே மலைதானே.

நான் செய்யிறது மெதேனையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து காபனோரொட்சைட்டும் ஐதரசனும் எடுக்கிறது. பச்சைவீட்டு வாயு ரெண்டையும் ஒரே அடியில விழுத்தலாம். 1928லேயே பிஷரும் ட்ரொப்ஷும் பார்த்த தாக்கம். மூலுக்கு 247 கிலோயூல் சூடு கேக்கும், 700 பாகைக்கு மேல வைக்கணும். நிக்கல் மலிவு, நல்லா வேலை செய்யும். ஆனா கரி கட்டிடும். நிக்கல் துணிக்கைகள் சூட்டுல நகர்ந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பெருசாகும், மேற்பரப்புக் குறையும், பெருசான துணிக்கை மேல கரி இழை இழையா வளரும். என் முதல் வருஷத்துல காலையில வந்து குழாயத் திறந்தா லயத்து அடுப்புக்கு மேல தொங்குற ஒட்டடைதான் ஞாபகம் வரும்.

2020ல தென்கொரியாவுல ஒரு கூட்டம், நிக்கலும் மொலிப்டினமும் சேர்த்து மக்னீசியம் ஒட்சைட்டுப் பளிங்கு மேல போட்டாங்க. துணிக்கைகள் நகர்ந்து போய்ப் பளிங்கோட விளிம்புப் படிகள்ல உட்கார்ந்து, அங்கேயே நின்னுடுச்சு. கரி கட்டத் தொடங்குற இடமும் அந்த விளிம்புதான், அத அடைச்சாச்சு. 850 மணித்தியாலத்துக்கு மேல ஓடுச்சு. எனக்கு அத வாசிச்சப்ப பொறாமையா இருந்துச்சு.

மத்ததெல்லாம் பிள்ளைங்களே தேடிக்கலாம்: ஐஸ்லாந்துல 2012ல மெதனோல் எடுக்கத் தொடங்கின ஆலை, அங்க நிலவெப்ப மின்சாரம் மலிவு. ஒண்ணு மட்டும் மூச்சுக் கட்சிக்குப் பிடிக்கும். சபாத்தியேன்னு ஒரு பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1902ல கண்ட தாக்கத்தை 2010ல விண்வெளி நிலையத்துல பூட்டினாங்க. அங்க உள்ளவங்க விடுற மூச்சுக் காபனீரொட்சைட்டுல ஐதரசனச் சேர்த்துத் தண்ணி எடுத்தாங்க. மிஞ்சின மெதேன வெளிய விட்டுட்டாங்க, அங்க யாரும் வழக்குப் போட மாட்டாங்க.

இலக்கணப்பிழை · ஞாயிறு மாலை 5.02

நம் உடம்பிலேயே ஓர் ஊக்கி காபனீரொட்சைட்டைக் கையாள்கிறது, அதை ஒருவரும் சொல்லவில்லை. செங்குருதிக் கலத்தில் உள்ள காபோனிக் அன்ஐதரேசு. 1933இல் கண்டறியப்பட்டது. நடுவில் ஒரு நாக (சிங்க்) அயன். ஒரு மூலக்கூறு செக்கனுக்குப் பத்து இலட்சம் அளவில் காபனீரொட்சைட்டை மாற்றும். இதற்கு ஊக்கி என்ற சொல் ஐயமின்றிப் பொருந்தும்.

வடக்குக்காற்று · ஞாயிறு மாலை 5.40

அண்ணை, உங்களிட்ட இருந்து இது வருமெண்டு எதிர்பார்க்கேல்லை. பிட்ஸ்பர்க்கில ஆக்கள் அதே நொதியத்தைச் செயற்கை நுரையீரலின்ர பொள்ளல் நார்களில பூசிப் பாத்தவை. குருதியில இருந்து காபனீரொட்சைட்டு கெதியா வெளியேறுது. அதே நொதியத்தை ஆலைப் புகையில இருந்து வாயுவைப் பிடிக்கவும் பாவிச்சுப் பாக்கினம். ரெண்டு இடத்திலயும் தலையிடி ஒண்டுதான், நொதியம் கனநாள் நிக்கவேணும்.

மூடுபனி · ஞாயிறு இரவு 9.15

பிரசவ வார்டையும் எழுதச் சொல்லுங்க சேர். வலிக்குக் கொடுக்கிற சிரிப்பு வாயு, நைதரசு ஒட்சைட்டு, அதுவும் பச்சைவீட்டு வாயுதான். சூடாக்கிறதுல காபனீரொட்சைட்ட விட 273 மடங்கு, நூறு வருஷத்துக்கு மேல காத்துல நிக்கும். அம்மா மூச்சு விட விட ஜன்னல் வழியாப் போயிடும். சுவீடன்ல அத உறிஞ்சி ஊக்கி மேல விட்டு நைதரசனாவும் ஒட்சிசனாவும் உடைச்சுடுறாங்க. அதே வாயு தேயிலை மண்ணுல இருந்தும் வருது. புளிச்ச மண், அதுல யூரியா. அதுக்கு யாரு ஊக்கி வைக்கிறது?

தாத்தாவுக்காக · திங்கள் காலை 6.45

சேர் நான்தான் அந்தப் பின் வாங்கு. தாத்தா சொல்றத அப்படியே டைப் பண்றேன்.

"நான் எழுவத்தி எட்டுல இருந்து புல்லு மருந்து அடிச்சவன். முதுகுல டாங்கி, கால்ல ஒண்ணும் கெடையாது. கண்டக்டரையா வேகமா நடன்னுவாரு. மேட்டுல காத்து எதுக்க அடிச்சா மருந்து நம்ம மூஞ்சிக்குத்தான். மூக்குல ரத்தம் வரும். அன்னைக்கு வீட்டுக்குப் போன்னுவாங்க, மறுநாளு வரணும். கைநகம் வெள்ளக்கோடு விழுந்து கழண்டுரும், திரும்ப மொளைக்கும். எங்களுக்கு நெஞ்சுக்குள்ள ஒண்ணும் போவலன்னு டொக்டரையா சொன்னாரு. புள்ள என்னமோ சுத்துது சுத்துதுங்குது. எனக்கு வெளங்கல. ஆனா அது தீராதுன்னுச்சு பாருங்க, அது மெய்தான். டாங்கியக் கழுவின தண்ணி ஊத்துன எடத்துல எத்தனையோ நாளைக்கு ஒரு புல்லும் வரல."

பேராதனைப்பழசு · திங்கள் காலை 7.20

ஐயாவுக்கு வணக்கம் சொல்லும்மா. நகமும் மூக்கு இரத்தமும் மருந்தடிச்சவங்களுக்கு வந்ததா வைத்திய நூல்கள்லயே இருக்கு. மண்ணு விஷயம் மட்டும் நான் படிச்சதோட ஒத்துப்போகல. களிமண்ணுல பட்டா அது இறுக்கமா ஒட்டிக்கிட்டு, செடிக்கு எட்டாமப் போயிடும்னுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தாங்க. வேற மருந்தும் அதே டாங்கியில அடிச்சாங்களான்னு கேட்டுப் பாரு.

தாத்தாவுக்காக · திங்கள் காலை 7.31

கேட்டேன் அண்ணா. "அஞ்சாறு வகை அடிச்சோம், பேரு யாரு சொன்னா"ங்கிறார்.

சோக்குத்தூள் · வியாழன் மாலை 5.50

அட்டை ஒட்டியாயிற்று. நடுக்கோட்டை அழித்துவிட்டார்கள். இடப்பக்கம் நனைந்த பஞ்சு நுரையீரலும் 260 மில்லிலீற்றர்க் கோப்பையும். அந்தப் பையன் தன் அம்மாவின் உயரத்தைப் போட்டுக் கணக்கை மறுபடி செய்திருக்கிறான், 248 வந்தது. வலப்பக்கம் பளிங்கு விளிம்பில் உட்கார்ந்த நிக்கல். நடுவில் மெதைல் வயலொஜன், இலத்திரன் ஏறிய நிலையைச் சலவை நீலத்தைக் கரைத்துப் பூசியிருக்கிறாள். உயரத் திருத்தம் கீழே கேள்விக்குறியோடு இருக்கிறது, ஆறு பேர் பென்சிலால் விடை எழுதிவிட்டார்கள், மூன்று பெருக்கல், மூன்று வகுத்தல்.

இன்றைக்குத் தாத்தா வந்தார். நீலத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "நாங்க அடிச்சது இந்தக் கலரு இல்லம்மா, பச்சை கலந்த நீலம்" என்றார். அது ஆட்கள் தெரியாமல் குடித்துவிடக் கூடாதென்று கம்பனி கலந்த சாயம் என்று நான் விளக்கினேன். தலையை ஆட்டினார். அவள் நீலத்தை மாற்றவில்லை. பக்கத்தில் சின்ன எழுத்தில் "தாத்தா அடித்தது பச்சை நீலம்" என்று எழுதி, அடியில் அவரைக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறாள்.